தொட்டிக்கு ஏற்ற உயிர்

1828 இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கரையில் சர் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர், பாறையில் ஒட்டியிருந்த கடற்சாமந்தி ஒன்றைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதை வைத்தது ஒரு சிறிய கண்ணாடிச் சாடியில். பம்பு கிடையாது, வடிகட்டி கிடையாது, விளக்கு கிடையாது. அவ்வப்போது புதுக் கடல்நீர் மாற்றுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு மட்டிச்சதைத் துண்டு கொடுப்பார்கள். 1851 இல் டேலியல் இறந்துவிட்டார், சாமந்தி இருந்தது. எடின்பரோ அறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அதைப் பொறுப்பேற்று வளர்த்தார்கள். 'பாட்டி' என்றே பெயர் பெற்றுவிட்ட அந்த உயிர், நூற்றுக்கணக்கான குட்டிகளை ஈன்று, 59 ஆண்டுகள் சாடிக்குள் வாழ்ந்து 1887 இல் மடிந்தது. இன்றைக்கு ஒரு பவளத்தொட்டிக்குப் பெருந்தொகை செலவழிக்கிறவர்கள் உண்டு. கணினி வைத்து வெப்பத்தை அளக்கிறார்கள், நுரைபிரிக்கும் கருவி வைக்கிறார்கள், பகலவன் ஒளிக்கு நிகரான விளக்கு போடுகிறார்கள். அந்தத் தொட்டிகளிலும் வெப்பக்கடல் சாமந்திகள் ஓராண்டைக் காணாமல் அழுகிப்போவது வழக்கமான செய்திதான். கருவி ஏதுமில்லாத சாடியில் அரை நூற்றாண்டும், கருவிகள் நிறைந்த தொட்டியில் சில மாதங்களும் என்றால், வேறுபாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

வேர் உயிரின் பிறந்த இடத்தில் இருக்கிறது. டேலியலின் சாமந்தி, அலை ஏறி இறங்கும் கரைப்பாறையில் வாழும் இனம். நாளுக்கு இருமுறை தண்ணீர் அதை விட்டு விலகும், வெயிலில் காயும், மழை பெய்தால் குழிநீரின் உப்பு குறையும், குளிர்காலத்தில் உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் கிடக்கும். இத்தனையையும் தாங்கிப் பழகிய உடலுக்குச் சாடி பெரிய தண்டனையாக இருக்கவில்லை. வெப்பக்கடலின் பவளத்திட்டு அப்படிப்பட்ட இடமல்ல. அங்கே ஆண்டு முழுவதும் வெப்பமும் உப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அந்த நிலைத்தன்மைக்குப் பழகிய உயிரை 50, 60 லிட்டர் தண்ணீருக்குள் விட்டால், ஒரு நாள் ஆவியாதலும் ஒரு செத்த இறாலும் அதன் உலகத்தையே மாற்றிவிடும். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் 170 ஆண்டுக் கதையைப் பெரும்பாலும் கருவிகளின் கதையாகவே சொல்லிவருகிறோம்: கண்ணாடி மலிந்தது, செயற்கை உப்பு வந்தது, விளக்கு வந்தது, கலை வளர்ந்தது என்று. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. எதை வளர்ப்பது, எதைக் கடலிலேயே விட்டுவிடுவது என்ற தேர்வு தெளிந்தபோதெல்லாம் இந்தக் கலை முன்னேறியிருக்கிறது. தேர்வு குருடாக இருந்தபோது, கருவி எவ்வளவு நன்றாக இருந்தும் அது கடலைக் கொள்ளையடித்திருக்கிறது.

தொடக்கமே இதைத்தான் காட்டுகிறது. 1850 இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீனையும் நீர்ச்செடியையும் சேர்த்து வைத்தால் ஒன்று வெளிவிடும் காற்று மற்றதற்குப் பயன்படும் என்று காட்டினார். ஆனால் செடியின் பட்ட இலைகள் அழுகித் தண்ணீரைக் கலக்கின, பாசி படர்ந்தது, சோதனை கெட்டுப்போகும் நிலை. அவர் வேறொரு பொறியைத் தேடவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, அதன் முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாயின, தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற அந்த மூவர் கூட்டணிதான் இன்று வரை பல தொட்டிகளுக்கு அடிப்படை. இப்போது பவளத்தொட்டியில் பாசி மேயும் நத்தைகளையும் மிச்சம் தின்னும் துறவி நண்டுகளையும் முதலில் விடுவது வாரிங்டன் கண்ட வழிதான். கடல் உயிர்களில் இதே காலத்தில் ஒரு பெண்மணி இன்னும் துணிந்த முயற்சி செய்தார். 1846 இல் ஆன் தின் இங்கிலாந்தின் டார்க்கி கரையிலிருந்து கல்பவளங்களைச் சாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இருந்த நீரையே பணிப்பெண் தினமும் திறந்த சன்னல் அருகே நின்று பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். மறு ஆண்டு கடற்பாசி ஒட்டிய பாறைத் துண்டுகளைத் தருவித்துச் சேர்த்தார். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அவை குளிர்கடலின் கிண்ணப் பவளங்கள். வெப்பக்கடல் பவளத்தைப் போலத் தம் சதைக்குள் நுண்பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை நம்பி வாழ்பவை அல்ல. அதனால்தான் லண்டனின் மங்கிய வெளிச்சம் அவற்றைக் கொல்லவில்லை. வெப்பக்கடல் இனம் ஒன்று அந்தச் சாடிக்கு வந்திருந்தால் ஒரு குளிர்காலத்தைக் கூடத் தாண்டியிருக்காது.

பிறகு வந்தது மோகம். 1845 இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியது. ரயில் கரையோர ஊர்களை நகரத்தோடு இணைத்தது. 1853 இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலை மீன் மாளிகையைத் திறந்தது. 1854 இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய மீன்தொட்டி நூல் வெளிவந்து வீடு வீடாகப் போயிற்று. ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர் லண்டனில் கடை திறந்து உயிருள்ள சாமந்தியையும் நண்டையும் நட்சத்திர மீனையும் விற்றார். வாங்கியவர்களுக்கு எது எதோடு சேர்ந்திருக்கும், எது எதைத் தின்னும் என்ற அறிவு இல்லை. ஒரே தொட்டியில் கொடுக்கு நீட்டும் நண்டும் மென்மையான புழுவும், சில நாளில் ஒன்று மற்றதைத் தின்று, தின்ற மிச்சம் அழுகி, தொட்டி நாறும், தொட்டி காலியாகும், மறுபடி கடைக்கோ கரைக்கோ போவார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் மோகம் அடங்கியது. அதற்குள் தெற்கு இங்கிலாந்தின் பாறைக்குழிகள் பல வெறுமையாகிவிட்டன. தான் மூட்டிய ஆர்வத்தால் அந்தக் கரை சூறையாடப்பட்டதைக் கண்டு காஸ் வருந்தியதை, அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907 இல் வெளியிட்ட நினைவு நூலில் பதிந்திருக்கிறார். இது கருவி இல்லாமல் நேர்ந்த அழிவு என்று சொல்லிவிட முடியாது. டேலியலிடமும் கருவி இருக்கவில்லை. தெரிந்து தேர்ந்தவர் ஒருவர். கண்டதை அள்ளியவர்கள் பல்லாயிரம் பேர். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் அந்த இழப்பு.

இருபதாம் நூற்றாண்டில் அதே தவறு பெரிய அளவில் நடந்தது. அதன் ஒரு முனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. வெப்பக்கடல் மீன்களை அலங்காரத்துக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில், சிறிய அளவில் 1930களில் தொடங்கியது இலங்கையில்தான். 1950களுக்குப் பிறகு விமானச் சரக்கும், பிராணவாயு நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பையும் சேர்ந்துகொண்டதும் கொழும்பில் பிடித்த மீன் ஓரிரு நாளில் ஐரோப்பியக் கடையில் நின்றது. ஹவாயும் பிலிப்பைன்ஸும் தொழிலில் இறங்கின. 1960களில் செயற்கைக் கடல் உப்பு கடைக்கு வந்தது. சிலிக்கோன் ஒட்டிய முழுக்கண்ணாடித் தொட்டி வந்ததால் உப்புநீரில் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும் தொல்லை போயிற்று. கடலைப் பார்த்திராத ஊரிலும் கடல்மீன் வளர்க்க வழி பிறந்தது. ஆனால் அந்தத் தொட்டிகளை இன்று நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. நடுவில் வெளுத்த பவள எலும்புக்கூடுகள். அவற்றைச் சுற்றி வண்ணத்துப்பூச்சி மீன், ஏஞ்சல் மீன், கொடி மீன் என்று நிறத்துக்காக மட்டும் எடுத்த மீன்கள். மீனின் தோலில் ஒட்டுண்ணி கண்டால் தண்ணீரில் செம்புக் கரைசல் விடுவார்கள். செம்பு ஒட்டுண்ணியைக் கொல்லும், கூடவே நத்தையையும் இறாலையும் பவளத்தையும் கொல்லும். ஆக, மீனைக் காப்பதற்கான மருந்தே வாரிங்டனின் கூட்டணியைத் தொட்டிக்கு வெளியே நிறுத்திவிட்டது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தின் மொட்டுகளை மட்டுமே தின்பவை. பவள எலும்புக்கூட்டின் நடுவே அந்த மீனை விட்டு, தட்டையான தீவனத்தை மிதக்கவிட்டு, அது தின்னவில்லையே என்று வியந்தார்கள். அந்த மீன்கள் செத்தது நோயாலோ தண்ணீராலோ அல்ல, பசியால்.

செத்த மீனுக்குப் பதிலாக இன்னொரு மீன் என்ற சங்கிலி, கடலடியில் வேறொரு கொடுமையை வளர்த்தது. 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் சோடியம் சயனைடு மாத்திரையைக் கடல்நீரில் கரைத்து, பிழியும் புட்டியில் அடைத்து, பவளத்தின் பொந்துக்குள் பீய்ச்சும் முறை பரவியது. பின்னர் இந்தோனேசியாவுக்கும் போயிற்று. மயங்கிய மீன் தானே வெளியே மிதந்து வரும், கையால் அள்ளிக்கொள்ளலாம். மயங்காமல் செத்தவை அங்கேயே கிடக்கும். நஞ்சு பட்ட பவளம் வெளுக்கும். பிடிபட்ட மீனின் ஈரலும் கெட்டுவிடுவதால், கடையில் பளபளவென்று நீந்தி, வாங்கியவர் வீட்டில் சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். வீட்டுக்காரர் தன் தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டு புது வடிகட்டி வாங்குவார். குறை வடிகட்டியில் இல்லை. மலிவான மீனை, அது எப்படிப் பிடிபட்டது என்று கேட்காமல் வாங்கிய அந்தக் கணத்தில் இருந்தது.

திருப்பம் ஆசியாவிலிருந்தே வந்தது. 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், இயற்கை முறை என்று ஒரு வழியை அமெரிக்க மீன் இதழ் ஒன்றில் விவரித்தார். இயற்கைக் கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, மென்மையான காற்றுக்குமிழி, நல்ல வெளிச்சம், அவ்வளவுதான். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றின. பாறையில் ஒட்டிவந்த புழுவும் சிற்றிறாலும் மிச்சத்தைத் தின்றன. ஜகார்த்தாவில் பவளம் வீட்டுக்குள் வாழ்ந்த காலத்தில் அமெரிக்காவில் வெளுத்த எலும்புக்கூடு விற்றுக்கொண்டிருந்தது. பின்னர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வில்கன்ஸும் பெர்லின் ஆர்வலர்களும் இதை வளர்த்தெடுத்தார்கள். உயிர்ப்பாறை அடித்தளம், அதோடு கரிமக் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், பவளம் எலும்பு கட்டத் தேவையான கால்சியத்துக்குத் தெளிந்த சுண்ணாம்பு நீர். அந்தப் பெர்லின் வட்டத்தில் டீட்ரிஷ் ஸ்டூபர் அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் சிறு துண்டு ஒன்றை வளர்த்து, கிளை முறித்து நண்பர்களுக்குக் கொடுத்தார்; அவர்கள் வளர்த்து முறித்து வேறு நண்பர்களுக்குக் கொடுத்தார்கள்; அது நாடு தாண்டி அமெரிக்கா வரை போயிற்று. கடலிலிருந்து ஒரே முறை எடுத்த பவளம் நூற்றுக்கணக்கான வீடுகளில் காடாகக் கிளைத்தது. செம்பருத்தியைக் கிளை ஒடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைப் போன்ற இந்தப் பழக்கம், கடைக்காரரின் சங்கிலியை அறுத்த முதல் கத்தி.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. ஸ்கிம்மரும் உலோக ஹாலைடு விளக்கும் இல்லாமல் அக்ரோபோரா வீட்டில் வளர்ந்திருக்குமா, ஆக முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது கருவிதானே என்று கேட்கலாம். கருவி கதவைத் திறந்தது உண்மை. கதவுக்குள் யாரை அழைப்பது என்பதைக் கருவி சொல்லித் தரவில்லை. அதே விளக்கும் அதே ஸ்கிம்மரும் இருந்த 1990களின் தொட்டிகளில்தான் பூச்சட்டிப் பவளம் எனப்படும் கோனியோபோரா ஆயிரக்கணக்கில் வந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் சுருங்கிச் செத்தது. விலை குறைவு, பார்க்க அழகு, ஆகவே விற்றுக்கொண்டே இருந்தது. அதற்கு வெளிச்சத்தோடு நுண்ணுணவும் தேவை என்பது பின்னாளில் புரிந்து, வளர்க்கும் முறை தேறியது. அந்த அறிவு வருவதற்குள் கணக்கற்ற கொத்துகள் குப்பைக்குப் போய்விட்டன. மாண்டரின் மீனின் கதை இன்னும் தெளிவு. மயில்கழுத்தின் நீலமும் செம்மஞ்சளும் கோடுகளாய் ஓடும் அந்தச் சிறு மீன், பகல் முழுக்கப் பாறை மேல் மெல்ல நகர்ந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோபிபாட் என்ற சிற்றுயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். வயிறு சிறியது, அதனால் இடைவிடாமல் தின்ன வேண்டும். ஒரு சிறு தொட்டியிலுள்ள கோபிபாட்டை அது சில வாரத்தில் தீர்த்துவிடும். பிறகு முதுகெலும்பு துருத்த மெலியும். துப்புரவு மீனும் அப்படித்தான்; மற்ற மீன்களின் தோலிலுள்ள ஒட்டுண்ணியைத் தின்று பிழைப்பது, ஐந்தாறு மீன் உள்ள தொட்டியில் பட்டினி கிடக்கும். 2003 இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் வெளியிட்ட அறிக்கை, தொட்டியில் தேறாத உயிர்கள் தொடர்ந்து விற்கப்படுவதற்கு இந்த இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொன்னது. உலகின் சிறந்த கருவியும் இல்லாத இரையைத் தட்டில் வைக்காது.

அந்த அறிக்கை தொழிலின் அளவையும் சொன்னது. ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி மீன்கள், 1,471 இனங்கள். கல்பவளத்தில் 140 இனங்கள், 1.1 கோடி முதல் 1.2 கோடி துண்டுகள். இவ்வளவும் ஏறக்குறைய முழுதாகக் கடலிலிருந்து எடுத்தவை. நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தது. கடல்மீன் அப்படி இல்லை. ஏன் என்பதற்கு விடை மீன்களின் குஞ்சுப் பருவத்தில் இருக்கிறது. கோமாளி மீன் முட்டையைப் பாறையில் ஒட்டி இடும். ஆண் அருகில் நின்று துடுப்பால் விசிறும், கெட்ட முட்டையை வாயால் எடுத்தெறியும். ஒரு வாரம் பத்து நாளில், இருட்டிய பிறகு குஞ்சு வெளிவரும். வரும்போதே ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை விழுங்கும் அளவுக்கு வாய் உண்டு. மேலும் பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கும். இந்த எளிமையால்தான் 1970களின் தொடக்கத்திலேயே ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ அதை வணிக அளவில் வளர்த்துக் காட்டினார். மஞ்சள் டாங் மீனோ தன் நுண்முட்டைகளை நடுக்கடலில் மிதக்கவிடும். குஞ்சின் வாய் ரோட்டிஃபரைக்கூட விழுங்க முடியாத அளவுக்குச் சிறிது. அதை ஹவாயின் ஓஷியானிக் நிறுவனம் தொட்டியில் வளர்த்தெடுத்தது 2015 இல். இடைவெளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைக்காலத்தில் ஒரு கடைத்தொட்டியில் இவ்விரண்டும் அருகருகே நீந்தியபோது வாங்குபவர் கண்ணுக்கு நிற வேறுபாடுதான் தெரிந்தது. ஒன்று பண்ணையில் பிறந்திருக்கலாம், மற்றது கடலில் பிறந்தே ஆக வேண்டும் என்ற வேறுபாடு நிறத்தைவிடப் பெரியது.

வளர்க்க எளிது என்பதாலேயே கடல் காக்கப்பட்டுவிடும் என்று நம்பவும் இடமில்லை. இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே பாங்காய் தீவுகளை மட்டுமே இயற்கை வாழிடமாகக் கொண்ட ஒரு சிறு மீன் இதற்குச் சான்று. 1933 இல் அறிவியல் அதற்குப் பெயரிட்டது, பிறகு மறந்தது, 1990களின் நடுவில் மறுபடி கண்டெடுத்ததும் தொட்டிக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். கருப்பு வெள்ளைப் பட்டையும் நீண்ட துடுப்பும் கொண்ட இந்த மீனில் ஆண்தான் முட்டையை வாயில் அடைகாக்கும். வாரக்கணக்கில் தின்னாமல் சுமந்து, முழு உருவம் பெற்ற சில பத்துக் குஞ்சுகளை வெளிவிடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வேறு தீவுக்குப் போகாமல், பிறந்த இடத்திலேயே கடல்முள்ளெலியின் முட்களுக்கு நடுவே ஒதுங்கும். வீட்டில் வளர்க்க இதைவிட எளிய கடல்மீன் இல்லை எனலாம். இதே குணம்தான் கடலில் அதற்கு எமனாயிற்று. ஒரு குடாவில் பிடித்துத் தீர்த்துவிட்டால், வேறு இடத்திலிருந்து குஞ்சு வந்து அந்தக் குறையை நிரப்பாது. பண்ணை மீனைவிடப் பிடித்த மீன் மலிவு என்பதால் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பிடித்தார்கள். 2007 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே விஞ்ஞானியும் பண்ணைக்காரரும் வழி காட்டினால் மட்டும் போதாது. சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பண்ணை மீனை வாங்கும் கை இல்லாவிட்டால் அந்த வழி மூடிக்கொள்ளும்.

இங்கே இரண்டாவது மறுப்பு, மீனவர் பக்கத்திலிருந்து வருவது. அதைத் தள்ளிவிடக் கூடாது. பண்ணை மீனையே வாங்கு என்றால், தீவிலே வலையெறிந்து பிழைக்கும் குடும்பத்தின் சோற்றை எடுத்து ஃபுளோரிடாப் பண்ணைக்குக் கொடுப்பதாகாதா? 2000 ஆம் ஆண்டில் மாலத்தீவின் அலங்கார மீன் ஒரு கிலோ ஏறக்குறைய 500 டாலர் பெற்றது. உணவுக்கான பவளத்திட்டு மீன் கிலோ 6 டாலர்தான். அலங்கார மீனால் வருமானம் வரும் மீனவருக்குப் பவளத்தைக் காக்கக் காரணம் உண்டு என்ற வாதம் வலுவானது. ஆனால் அந்த வாதத்தின் பலன் எந்த மீன், எப்படிப் பிடித்தது என்பதைப் பொறுத்தது. இலங்கையில் மொக்சி வலை என்று ஒன்று இருந்தது. கனம் கட்டிய சிறு வலையைப் பவளக் கொத்தின் மேல் போர்த்தி, உள்ளே ஒளிந்த மீன் வெளிவரப் பவளத்தைக் கம்பியால் குத்தி உடைப்பார்கள். நாளைய மீனின் வீட்டை இன்றைய மீனுக்காக இடித்த அந்த முறையைப் பின்னர் சட்டம் தடுத்தது. ஹவாயின் மேற்குக் கரையில் 1999 வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடற்கரையை அலங்கார மீன்பிடிப்புக்கு மூடினார்கள். மூடிய பகுதியில் மஞ்சள் டாங் பெருகியது. மீனவருக்கும் பவளத்துக்கும் சேர்ந்து நன்மை செய்யும் பிடிப்பு இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. வலையால் பிடித்த, தொட்டியில் தேறும், கடலில் நிறைந்திருக்கும் இனத்தை நல்ல விலை கொடுத்து வாங்குவது மீனவருக்கு உதவி. மூன்று மாதத்தில் சாகப்போகும் மீனை மலிவாக மூன்று முறை வாங்குவது அவருடைய கடலை அவரிடமிருந்தே பறிப்பது.

மூன்றாவது மறுப்பு அளவைப் பற்றியது. 1998 இல் கடல் சூடேறி இந்தியப் பெருங்கடல் முழுவதும் பவளம் வெளுத்துச் செத்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே பல திட்டுகள் தேய்ந்தன. இவற்றுக்கு முன் ஒரு வீட்டுத் தொட்டி எம்மாத்திரம் என்று கேட்பார்கள். ஒட்டுமொத்தப் பவள அழிவில் தொட்டிக்காரரின் பங்கு சிறிதுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாங்காய் மீனுக்கு அந்தச் சிறிய பங்கே முழு ஆபத்து. சூடேறிய கடலைத் தனியொருவர் குளிர்விக்க முடியாது. கையிலுள்ள பையைத் திருப்பிக் கொடுக்க முடியும். இந்தியாவில் இந்தத் தேர்வின் ஒரு பகுதியைச் சட்டமே செய்துவிட்டது: 2001 இல் கல்பவளம், கருப்புப் பவளம், கடல்விசிறி, கடற்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. ராமேஸ்வரம் பக்கத்துக் கடலிலிருந்து யாரேனும் உயிருள்ள கல்பவளத்தை எடுத்துக் கொடுத்தால், அதை வாங்கித் தொட்டியில் வைப்பதும் குற்றம்தான். அதே கரையில் மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன நிலையம் கோமாளி மீனையும் டாம்செல் மீனையும் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. விலக்கு எது, வழி எது என்று இரண்டையும் ஒரே கரை காட்டுகிறது.

சிறு தொட்டிக்கு இந்த வரலாறு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். எல்.இ.டி. விளக்கும் சிறு பம்பும் வந்ததால் 2000களிலிருந்து 40, 60 லிட்டர் பவளத்தொட்டிகள் பெருகின. முன்பெல்லாம் நூல்கள் பெரிய தொட்டியில் தொடங்கு என்று சொன்னதற்குக் காரணம், பெரிய நீர்நிறை தவறை மெல்ல உள்வாங்கும் என்பது. சிறு தொட்டியில் அந்தத் தயவு கிடையாது. தேர்வு ஒன்றே காப்பு. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு சோடி போதும். சாமந்தி இல்லாமலே அவை வாழும், முட்டையும் இடும். குருட்டுச் சொடுக்கிறாலும் அதன் வாசலில் காவல் நிற்கும் கோபி மீனும் சேர்ந்த சோடி சிறு இடத்தில் தேறும். ஊரிலுள்ள இன்னொரு தொட்டியில் வெட்டி வளர்த்த காளான் பவளம், தோல் பவளம், சோவாந்து போன்றவை ஏற்ற இறக்கம் தாங்கும். சோவாந்து வகைகள் சிலவற்றில் கொடிய நஞ்சு இருப்பதால் வெறுங்கையால் வெட்டக் கூடாது, கொதிநீர் ஊற்றவும் கூடாது. பாசி மேயும் நத்தைகள் முதலில் வர வேண்டும், மீன் கடைசியில். 30 சென்டிமீட்டர் வரை வளரும் நீல டாங்குக்கு அங்கே இடமில்லை, மாண்டரினுக்கு இரையில்லை, வெப்பக்கடல் பெருஞ்சாமந்திக்கு நிலைத்த நீரில்லை. இவற்றின் அழகைப் பொதுக் காட்சிச்சாலையில் பார்க்கலாம், கடலில் பார்க்கலாம்.

இப்படிச் சுருக்கினால் சுவை குறைந்துவிடும் என்று வருந்துவோருக்கு ஒரு சொல். இந்தக் கலை அடுத்த படிக்கு ஏறியதெல்லாம் ஒரே இனத்தோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்களால்தான். ஒரு பவளக் கிளையோடு ஸ்டூபர், ஒரு கோமாளிச் சோடியோடு மோ, சில கிண்ணப் பவளங்களோடு ஆன் தின். இன்று வளர்க்க முடியாத இனம் நாளை வளரலாம். பட்டியல் நீளும், நீளவும் வேண்டும். அதை நீட்டும் வேலை, பொறுமையும் வசதியும் உள்ள வளர்ப்பாளர்களுடையது. கடையில் நின்று பையைக் கையில் வாங்குபவர் அந்தச் சோதனையை ஓர் உயிரின் செலவில் செய்யத் தேவையில்லை. இது கடலில் எதைத் தின்றது, எவ்வளவு வளரும், எங்கே பிறந்தது, எப்படிப் பிடித்தீர்கள் என்ற நான்கு கேள்விகளை அவர் கேட்டால், கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். அவர் ஏற்றுமதியாளரிடம் கேட்பார். சயனைடுப் புட்டிக்கும் மொக்சி வலைக்கும் சந்தை இருந்தது, இந்தக் கேள்விகளை யாரும் கேட்காததால்தான். பதில் இல்லாத மீனை வாங்காமல் விடுவது வீட்டுத் தொட்டிக்காரர் கடலுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி. தொட்டியில் உள்ளவை நீண்டநாள் வாழவும் அதுவே வழி.